எண்ணிக்கையும் இல்லறமும்

உலகத்திலேயே முதன்முதலாக ஓர் அரசாங்கம் தன் பொக்கிஷப் பணத்தைக் கொண்டு கர்ப்பத்தடை நிலையங்கள் திறந்தது எங்கே என்று வினவினால், லண்டன் என்பார் சிலர். அமெரிக்கா என்பார் சிலர். உண்மையில் அது நாம் ஊர்விட்டு வந்து குடியேறியிருக்கும் இந்த மைசூர்ச் சீமையிலேதான் நிகழ்ந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரசாண்ட நாளில், மிர்ஸா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, 1930-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, சமஸ்தானத்தின் பெரிய மருத்துவமனைகளில் இத்தகைய நிலையங்கள் அமைக்கச் சர்க்கார் உத்தரவு பிறந்தது.

அந்த 1930-ம் ஆண்டே வேறு இரண்டு காரியங்களாலும் நினைவுகூரத் தக்கது. அதுவரையில் கிறிஸ்தவ சபைகள் யாவும் செயற்கைக் கர்ப்பத்தடை தகாது என்பதில் ஒரே குரலாய் இருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், சில வரம்புகளுக்கு உட்பட்டு அதனை அனுமதிக்கலாம் எனத் தீர்மானித்தனர். டிசம்பர் 31-ந் தேதி ரோமாபுரியில் பாப்பரசர் 11-ம் பத்திநாதர், ‘காஸ்தி கொன்னூபியி’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, கத்தோலிக்கத் திருச்சபை தன் பழைய நிலையிலிருந்து மாறாது என உறுதிப்படுத்தினார். ஆக, மைசூர் அரசும் ரோமாபுரியும் ஒரே ஆண்டில் நேர் எதிரான இரு வழிகளைக் காட்டின. ஆனால் பகை மூளவில்லை. அதே மைசூர் மன்னர் 1933-ம் ஆண்டு நம் நகரத்து அர்ச். பிலோமினா ஆலயத்துக்குத் தம் கையாலேயே அடிக்கல் நாட்டினார். கருத்து வேறுபடினும் கண்ணியம் குறையாது வாழ்ந்த அந்த முறையை முன்வைத்தே இம்மாதப் பகுதியை எழுதத் துணிகிறேன்.

எழுதுவதற்குக் காரணம், நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் கேட்ட கேள்வி. “அரசாங்கத்தார் ஒரு காலத்தில் ‘இரண்டே போதும்’ என்றார்கள். இப்போது தலைவர்கள் ‘இன்னும் பெறுங்கள்’ என்கிறார்கள். உங்கள் கோயிலில் ஒன்று சொல்லுகிறார்கள். ஆஸ்பத்திரியில் வேறொன்று சொல்லுகிறார்கள். பெறுகிறவளை எவரும் கேட்பதாகக் காணோமே. உங்கள் வேதம் இதற்கு என்ன சொல்லுகிறது?” என்றார் அவர். நம் சங்கத்தார் பல சமயத்தினர். ஆதலின் ஒரு கத்தோலிக்கன் இவ்விஷயத்தில் என்ன நினைக்கிறான் என்பதை மறைவின்றிச் சொல்லுவது முறையென்று கருதுகிறேன். ஒப்புக்கொள்ளுவதும் தள்ளுவதும் வாசக அன்பர்களின் உரிமை.

திருச்சபையின் போதனையைப் பற்றி வெளியே உலவும் எண்ணம் பெரும்பாலும் தவறானது. எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என அது கட்டளையிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 1951-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி இத்தாலிய மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், உடல்நலம், வறுமை முதலிய தக்க காரணங்கள் இருப்பின், கருத்தரிக்காத நாட்களை அறிந்து நடந்துகொள்ளுவது குற்றமன்று என்றார். 1965-ம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், எத்தனை குழந்தைகள் என்பதை இறைவன் திருமுன் இறுதியாகத் தீர்மானிக்க வேண்டியவர்கள் தம்பதிகளே என்று எழுதி வைத்தது. ஆகவே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது குடும்பத்தின் பொறுப்பு. அதற்குக் கைக்கொள்ளும் வழி எது என்பதில்தான் திருச்சபைக்கும் மற்றவர்க்கும் வேற்றுமை. செயற்கைச் சாதனமும், கருத்தடை அறுவையும், கருக்கலைப்பும் ஆகா. இயற்கை முறையும் தன்னடக்கமும் ஆகும். இதுவே அதன் சாரம்.

இத்தகைய கருத்து கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதென்றும் எண்ண வேண்டாம். 1935-ம் ஆண்டின் இறுதியில் கர்ப்பத்தடை இயக்கத்தின் தலைவியாகிய மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியடிகளைக் கண்டு வாதாடினார். பிள்ளைப்பேற்றைக் குறைக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்; ஆனால் சாதனங்களைக் காந்தியடிகள் ஏற்கவில்லை; தன்னடக்கமே வழி என்றார்.

இனி, இயற்கை முறை நம் அருகிலேயே பெற்ற கதி யாது என்பதையும் மறையாது சொல்லுதல் வேண்டும். மைசூரிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் செல்லுவோர் ராமநகரத்தைக் கடந்தே செல்லுகின்றோம். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றியவர், சாதனங்களை விரும்பாதவர். அவரது வேண்டுகோளின்மீது உலக சுகாதார நிறுவனம் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் என்பவரை அனுப்ப, ராமநகரத்திலும் டில்லி லோதி காலனியிலும் இம்முறையைக் கற்பிக்கும் சோதனை 1952-ம் ஆண்டளவில் நடைபெற்றது. எழுத்தறியாத தாய்மாருக்கு நாட்கணக்கு தெரியும்படி நிறம் நிறமான மணிகள் கோத்த மாலை கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு மணியாக நகர்த்த வேண்டும். மாலையை வெளியே அணிய வெட்கப்பட்டோர் பலர். மாலையை அணிந்தாலே காப்பு என்று நம்பியோரும் இருந்தனர். மாதவிலக்கு ஒழுங்காக வாராத பெண்களுக்குக் கணக்கே பயன்படவில்லை. இறுதிவரை கைக்கொண்டோர் மிகச் சிலரே.

அக்காலத்திலேயே, 1952-ம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார மாநாட்டில், நிறுவனம் கர்ப்பத்தடையில் இறங்கலாகாது எனக் கத்தோலிக்க நாடுகள் சில வன்மையாக எதிர்த்தமையால் அப்பணி நெடுங்காலம் நின்றுபோயிற்று. ராமநகரத்துத் தோல்வியைக் காட்டி எங்களை நகைப்போர் உண்டு. ஆனால் அங்குத் தோற்றது மணிமாலையே ஒழிய, அதற்குள் இருந்த உண்மை அன்று. நாட்கணக்கை மட்டும் நம்பாமல் உடலின் அடையாளங்களைக் கொண்டு அறியும் முறையை ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் தம்பதியர் பின்னர் வகுத்தனர். அம்முறை இருவர் ஒத்துழைப்பைக் கோருவது. குறிப்பாகக் கணவனது ஒத்துழைப்பை. ராமநகரத்தில் மாலை மனைவியின் கழுத்தில் இருந்தது. கணவனுக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நிற்க. 1952-ம் ஆண்டு முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு தேசியக் காரியமாக ஆயிற்று. 1956-ல் சென்னை ராஜ்ய சர்க்கார், அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிற்று. 1960-களில் பம்பாயின் ரயில் நிலையங்களிலேயே ஆண்களுக்கு அறுவை செய்யும் நிலையங்கள் வைக்கப்பட்டன. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்குச் சிறு குடும்பத்தோடு அறுவை செய்துகொண்டால் தனி ஊதிய உயர்வு ஒன்று கிடைத்து வந்தது. ரயில்வே குமாஸ்தாவாகிய நான் சம்பளப் பட்டியல்களில் கண்ட அத்தொகை, ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017-ம் ஆண்டு ஜூலை முதல் நீக்கப்பட்டது. இவ்வாறு ஆலோசனையாகத் தொடங்கியது ஊக்கமாயிற்று, ஊக்கம் இலக்காயிற்று, இலக்கு கட்டாயமாயிற்று.

கட்டாயம் வந்த கதை நாடறிந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஆசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஆள் பிடிக்கும் கணக்கு விதிக்கப்பட்டது. மகாராஷ்டிர சட்டமன்றம் கட்டாய அறுவைக்கே மசோதா நிறைவேற்றிற்று. அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமையால் சட்டமாகவில்லை. 1977 மார்ச்சில் ஜனங்கள் வாக்குச் சீட்டால் தீர்ப்புக் கூறினர். அதன்பின் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரே ‘குடும்ப நலம்’ என மாற்றப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூற விரும்புகிறேன். பாப்பரசர் 6-ம் சின்னப்பர், இன்று ஆறாம் பவுல் என நாம் வழங்குபவர், 1968-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதியிட்ட ‘ஹுமானே வீத்தே’ என்னும் சுற்றுமடலில் செயற்கைக் கர்ப்பத்தடையை மறுத்தார். அதற்கு முன் இதனை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் பெரும்பான்மையோர் மாற்றத்தை விரும்பினர். அவர் அதனை ஏற்கவில்லை. உலகம் அவரைப் பிற்போக்கர் என்று ஏசிற்று. ஆயினும் அம்மடலில் ஓர் எச்சரிக்கை இருந்தது. தம்பதிகளுக்குரிய இவ்விஷயம் அரசாங்கத்தின் கைக்கு மாறினால், ஆளுவோர் தமக்கு விருப்பமான முறையை எல்லார்மேலும் திணிக்கக்கூடும் என்பதே அது. எட்டு ஆண்டுகளுக்குள் நம் நாட்டில் அது கண்கூடாயிற்று. அவரது மற்ற வாதங்களை ஏற்காதவரும் இதனை மறுக்க இயலாது.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2019-21-ம் ஆண்டுக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் கர்நாடகத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8, நாடு முழுவதும் 2.0. நாடாளுமன்ற இடங்கள் ஜனத்தொகையைப் பொறுத்தவை. ஆதலின் தென்னாட்டின் குரல் குறையும் என்ற அச்சம் எழுந்திருக்கிறது. 2024-ம் ஆண்டு அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தைகள் வேண்டும் என்றார். அதே மாதத்தில் தமிழக முதல்வர் ஸ்டாலின், பதினாறு செல்வங்களைக் குறிக்கும் நம் பழைய வாழ்த்தை எடுத்து, பதினாறு பிள்ளைகளையே பெறும் நிலை வருமோ என்னும் கருத்துப்படத் திருமண மேடையில் பேசினார். இரண்டுக்கு மேல் பெற்றோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்ற விதியை ஆந்திரம் 2024 நவம்பரில் நீக்கிற்று. அன்று கழிக்கச் சொன்னவர்கள் இன்று கூட்டச் சொல்லுகின்றனர். இரண்டிலும் தாயானவள் கணக்குப் புத்தகத்தில் ஓர் இலக்கம், அவ்வளவே.

சர்க்காரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. 2021-ம் ஆண்டு கேரளத்துப் பாலா மறைமாவட்டம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள இளங்குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. வறிய குடும்பத்துக்கு உதவுவது நற்செயலே. ஆனால் உதவிக்கு எண்ணிக்கையை அளவாக வைத்தால், பெறாமைக்கு விலை கொடுத்த சர்க்காருக்கும், பெறுவதற்கு விலை கொடுக்கும் கோயிலுக்கும் என்ன வேற்றுமை? மூன்று குழந்தைகளோடு தவிக்கும் விதவை அக்கணக்கில் எங்கே இருக்கிறாள்?

இனி நடப்புச் சட்டங்களைப் பார்ப்போம். நாட்டு மருத்துவச்சிகளிடமும் போலி வைத்தியர்களிடமும் சென்று பெண்கள் மாள்வதைத் தடுக்கும் நோக்குடன், சாந்திலால் ஷா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1971-ம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. கருவில் உள்ளதும் மனித உயிரே என்பது எங்கள் விசுவாசம். ஆகவே அச்சட்டத்தை என் மனச்சாட்சி ஏற்பதற்கில்லை. ஆயினும் அது எதனைக் கண்டு அஞ்சி இயற்றப்பட்டதோ அந்தத் துயரம் மெய்யானது என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். அச்சட்டத்தில் கவனிக்கத் தக்க விளக்கம் ஒன்று உண்டு. கர்ப்பத்தடைச் சாதனம் தவறிப்போய்க் கரு உண்டானால், அதனால் வரும் வேதனையைப் பெண்ணின் மனநலத்துக்குப் பெருங்கேடு எனக் கொள்ளலாம் என்பது அது. மணமான பெண்ணுக்கென இருந்த அவ்விளக்கத்தை 2021-ம் ஆண்டுத் திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் விரித்தது. சில வகையினர்க்குக் கால வரம்பையும் 24 வாரமாக உயர்த்திற்று. சாதனங்கள் பெருகினால் கருக்கலைப்பு அருகும் என்பர். நம் சட்டமோ முன்னதன் தோல்வியையே பின்னதற்கு வாயிலாக வைத்திருக்கிறது. அன்றியும், இங்கிலாந்தின் 1967-ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளதுபோல், மனச்சாட்சி இடங்கொடாத மருத்துவரும் தாதியரும் விலகி நிற்கலாம் என்னும் தனி விதி இதில் இல்லை. அத்தகைய விதி வேண்டும் என்று கேட்பது எவருடைய உரிமையையும் பறிப்பதாகாது.

எல்லாச் சமயத்தாரும் ஒன்றுபட வேண்டிய சட்டமும் உண்டு. கருவில் பெண்ணென்று அறிந்து அழிப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் அது. 2023-ம் ஆண்டின் பிற்பகுதியில், மண்டியா அருகே வெல்லம் காய்ச்சும் ஆலையொன்றில் ஸ்கேன் கருவியை வைத்து இப்பாதகம் நடந்ததாகவும், மைசூர் வரையில் அதன் கைகள் நீண்டிருந்ததாகவும் போலீஸார் வழக்குத் தொடுத்தனர். கரும்புக்கும் வெல்லத்துக்கும் பேர்போன மண்ணில் இச்செய்தியைப் படித்தபோது நம்மில் யாருடைய வாயில் இனிப்பு நின்றது?

மற்றொன்று பிரசவ விடுப்பு. 2017-ம் ஆண்டுத் திருத்தம், வேலைக்குச் செல்லும் தாய்க்கு 26 வார விடுப்பைத் தந்தது. ஆனால் ஏற்கெனவே இரு குழந்தைகள் இருப்பின் 12 வாரமே. 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கணக்கே நீடிக்கிறது. மூன்றாவது பிள்ளையைப் பெற்ற உடம்பு பாதி நோவில் தேறிவிடுமா? தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்காக விடுப்புக் கேட்டபோது, முந்திய மணத்தில் இரண்டு குழந்தைகள் உண்டு என்று காட்டி மறுக்கப்பட்டது. 2025-ம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் அவருக்கு விடுப்பு வழங்கப் பணித்து, பிரசவ விடுப்பு பெண்ணின் பிள்ளைப்பேற்று உரிமைகளில் அடங்கியது என்று கூறிற்று. இத்தீர்ப்பைக் கத்தோலிக்கனாகிய நான் மனமார வரவேற்கிறேன். கருவைக் காக்க வேண்டும் என உபதேசிப்போர், அதனைச் சுமப்பவளின் சம்பளத்தையும் காக்க முன்வர வேண்டும் அல்லவா?

இறுதியாக, ஆண்களாகிய நம்மைப் பற்றி. முற்கூறிய ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் 100-க்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டதோ 100-க்கு அரைப் பேர்கூட இல்லை. பெண்ணுக்குச் செய்வது பெரிய அறுவை. ஆணுக்குச் செய்வது சிறியது. 2014-ம் ஆண்டு நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே முகாம் ஒன்றில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்து, பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016-ல் உச்சநீதிமன்றம் அத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் ஒழிக்கப் பணித்தது. இரு வகை அறுவையையும் என் விசுவாசம் ஏற்பதில்லை. எனினும் சுமை யார் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைக் காண விசுவாசம் தடையாகாது.

கத்தோலிக்கக் குடும்பங்கள் இதற்கு விலக்கு என்று பெருமை பேசவும் இடமில்லை. அதே ஆய்வில் கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.9; நாட்டின் பொதுச் சராசரியினும் குறைவு. இத்தனை பேரும் இயற்கை முறையையே கைக்கொண்டனர் என்று எண்ணுவதற்கில்லை. பிரசங்கத்தில் ஒன்றும், பிரசவ அறையில் மற்றொன்றுமாக வாழ்ந்து, மனத்துக்குள் குற்ற உணர்வைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. இயற்கை முறையை உபதேசிப்பது எளிது. அதற்கு வேண்டிய அடக்கத்தைக் கணவன் கற்காவிடில், அவ்வுபதேசம் மனைவிமேல் வைத்த பாரமாகவே முடியும். மதுவருந்தி வருபவனிடத்தில் எந்த மணிமாலை செல்லும்?

ஆகவே அச்சகோதரிக்கு என் விடை இதுதான். எங்கள் வேதம் பெறுகிறவளைக் கேட்கவே சொல்லுகிறது. அவளோடு கணவனும் சேர்ந்து இறைவன் முன் தீர்மானிக்கச் சொல்லுகிறது. அத்தீர்மானத்தில் சர்க்காருக்கு ஆலோசனை கூறும் இடம் உண்டு. இலக்கு விதிக்கும் இடம் இல்லை. குருமாருக்குப் போதிக்கும் இடம் உண்டு. தூற்றும் இடம் இல்லை. மாமியாருக்கும் உறவினர்க்கும், ஆண் பிள்ளை வேண்டும் என்று நெருக்கும் இடம் அறவே இல்லை.

ஊரில் தாயும் தமக்கையும் அருகிருந்து சொல்லிக்கொடுத்ததை இங்கே சொல்லிக்கொடுக்க ஆளில்லை. மருத்துவமனையில் கன்னடத்தில் நீட்டும் காகிதத்தை வாசிக்க அறியாமல் கையெழுத்திடும் பெண்கள் நம் குடும்பங்களிலும் இருக்கின்றனர். ஆதலின் நம் சங்கத்தார் ஒரு காரியம் செய்யலாம். தமிழும் கன்னடமும் அறிந்த பெண் மருத்துவர் ஒருவரை அழைத்து, இச்சட்டங்கள் தரும் உரிமைகளையும், எல்லா முறைகளையும், அவற்றின் நன்மை தீமைகளையும் பட்சபாதமின்றி விளக்கச் செய்யலாம். ஒப்புதல் காகிதத்தைப் படித்துச் சொல்ல, ஒவ்வொரு வட்டாரத்திலும் எழுத்தறிந்த பெண்கள் இருவர் முன்வரலாம். அக்கூட்டத்துக்கு மாதர் மட்டும் வந்தால் போதாது. கணவன்மார் அவசியம் வரவேண்டும். முன்வரிசை அவர்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.